இரண்டாவது விடை எங்கிருந்து வந்தது?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். இங்கே எல்லோரும் நலம்.

சரி, உன் மகளின் கணக்குக்கு வருகிறேன். (அ, 1), (2, அ−1), (5, 7) மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்தால் அ என்ன? அவளுக்கு 11 வந்திருக்கிறது, விடைப் பக்கத்தில் 2-உம் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று உன்னை நச்சரிக்கிறாள். நச்சரிக்கட்டும், அருமையான கேள்வி.

அவள் சாய்வு வழியில், அதாவது ஏற்ற வித்தியாசத்தைக் கிடை வித்தியாசத்தால் வகுத்து, போயிருக்கிறாள். முதல் இரண்டு புள்ளிகளின் சாய்வு (அ−2)/(2−அ). மேலும் கீழும் அடித்தால் −1. அடுத்த இரண்டுக்கு (8−அ)/3. சமப்படுத்தினால் 11. சரிதான்: (11, 1), (2, 10), (5, 7), எந்தப் புள்ளியின் இரண்டு எண்களைக் கூட்டினாலும் 12, அதனால் மூன்றும் ஒரே கோட்டில்தான். ஆனால் அந்த அடித்தலில்தான் 2 காணாமல் போனது. அ = 2 என்றால் முதல் இரண்டு புள்ளிகளுமே (2, 1) ஆகிவிடும்; அவற்றுக்கிடையே சாய்வு ஏது? புள்ளிகள் இரண்டாகக் குறைந்தபின் அவற்றின் வழியே ஒரு கோடு எப்போதும் உண்டு.

இதையே பரப்பு வழியில் போடச் சொல். புள்ளிகளை வரிசையாக எழுதி, முதல் புள்ளியைக் கடைசியில் மறுபடி எழுதி, குறுக்கே பெருக்கிக் கழிப்போமே, அதுதான். மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் முக்கோணமே அமையாது, அதனால் பரப்பு பூச்சியம் என்று வைத்தால் அ² − 13அ + 22 = 0. காரணிப்படுத்தினால் 2, 11 இரண்டும் வந்து நிற்கும். எங்கேயும் வகுக்கவில்லை, அதனால் எதுவும் தொலையவில்லை. தெரியாத எண் ஒரே புள்ளியில் இருந்தால் பெரும்பாலும் சாய்வே போதும், இரண்டு வரியில் முடியும். இரண்டு புள்ளிகளில் வந்தால் பரப்புக்குப் போ என்றுதான் என் வகுப்பில் சொல்வேன்.

'மூன்று வெவ்வேறு புள்ளிகள்' என்று கேள்வியில் இருந்தால் 11 மட்டுமே விடை. அப்படி இல்லாததால் இரண்டையும் எழுதட்டும். 2-க்குப் பக்கத்தில் 'இங்கே இரு புள்ளிகள் ஒன்றாகின்றன' என்று ஒரு வரி சேர்த்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம், அவளுக்கு இன்னொன்று: (3, 1), (அ, 4), (3, 9). முதலில் சாய்வு வழியில் முயலட்டும். எங்கே முட்டிக்கொண்டாள் என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்