பெண் பிள்ளைகளுக்கென்று தனி அடுக்கு எதற்கு?

மொபைல் கேம்களை உருவாக்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றை வகை பிரித்துக் கடை விரிக்கும் ஆப் ஸ்டோர் நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘கேர்ள்ஸ் கேம்ஸ்’ என்ற அந்தத் தனி அடுக்கை எடுத்துவிடுங்கள். அதில் என்னென்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல: மணப்பெண் மேக்கப், நகப் பூச்சு, கேக், குழந்தையைக் குளிப்பாட்டுவது.

போன வாரம் என் மகள் அதிலிருந்து ஒன்றை இறக்கினாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். திறந்ததும் ஒரு பெண்ணின் முகம். மாநிறம், கன்னத்தில் பரு, அடர்ந்த புருவம், அழுதுவிடுவதுபோல் உதடு. க்ரீமை விரலால் இழுத்துத் தேய்த்தால், விரல் போன இடமெல்லாம் தோல் வெளுக்கிறது. முழுதாக வெளுத்தால்தான் அடுத்த லெவல். நெற்றியோரம் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. அங்கே ஓர் அம்புக்குறி வந்து துடித்தது, இன்னும் தேய் என்று. தேய்த்து முடித்ததும் அந்தப் பெண் சிரித்தாள், திரை முழுக்க நட்சத்திரம் கொட்டியது. அம்புக்குறி காட்டிய நிறம்தான் என் மகளின் நிறம். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஓரம் பிசகாமல் கவனமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வருகிறவர்களின் வாயிலிருந்து நாங்கள் கேட்டு நொந்த பேச்சை, ஏழு வயதிலேயே அவள் கையால் செய்ய வைக்கிறீர்கள்.

பெண்களுக்குப் பிடித்ததைத்தான் தருகிறோம் என்பீர்கள். காசு போட்டு வீடியோ கேம் ஆடும் ஆர்கேடுக்குப் பெண்களும் வரவேண்டும் என்று எண்ணித்தான் ஜப்பானைச் சேர்ந்த தோரு இவாதானி 1980-இல் ‘பேக்-மேன்’ விளையாட்டை வடிவமைத்தார். அதை ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடினார்கள். அதே ஆண்டு ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற பெண் ‘மிஸ்டரி ஹவுஸ்’ என்ற துப்பறியும் விளையாட்டை உருவாக்கினார். ஆற்றின் மேல் போர் விமானம் ஓட்டும் ‘ரிவர் ரெய்ட்’ (1982) கேரல் ஷா என்ற பெண் எழுதியது. 1996-இல் ‘பார்பி ஃபேஷன் டிசைனர்’ லட்சக்கணக்கில் விற்றதும் உங்கள் துறையே பிங்க் பக்கம் சாய்ந்தது. அதில்கூட ஒரு பிள்ளை தானே உடை வடிவமைத்து, பிரிண்டரில் துணியில் அச்சிட்டு, பொம்மைக்கு உடுத்திப் பார்க்க முடிந்தது. என் மகள் ஆடியதில் உருவாக்க எதுவுமே இல்லை. தொட வேண்டும், விளம்பரம் பார்க்க வேண்டும், மறுபடி தொட வேண்டும்.

வளர்ந்த பிறகாவது விடுகிறீர்களா? என் அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். டீமாக ஆடும் சுடும் கேம்களில் கெட்டிக்காரி. ஆனால் ஐடி ஆண் பெயரில், மைக் எப்போதும் ம்யூட்டில். குரல் கேட்டால் போதும், “போய் சோறு ஆக்கு” என்பதில் தொடங்கி இங்கே எழுத முடியாதது வரை வரும். ரிப்போர்ட் செய்தால் ஒரு பதில் கிடையாது. இது பெண்களுக்கான இடம் இல்லை என்று அந்தப் பையன்களுக்குச் சிறு வயதிலேயே காட்டிக்கொடுத்தது எது? நீங்கள் பிரித்து வைத்த அடுக்குகள்தான்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மேக்கப் கேமே கூடாது என்பதல்ல என் வாதம். விருப்பமுள்ள பையனும் ஆடட்டும். புதிர், பந்தயம், கட்டுமானம், சமையல், அலங்காரம் என்று விளையாட்டின் தன்மையைச் சொல்லி அடுக்குங்கள். யாருக்கு என்று சொல்லாதீர்கள். தோலை வெளுக்க வைப்பவற்றைக் குழந்தைகள் பகுதியிலிருந்து நீக்குங்கள்.

முடியாத காரியமல்ல இது. பார்பி பெயரில் வந்த பிளாஸ்டிக் சர்ஜரி ஆப் ஒன்று, ஆப்பிள் கடையில் 9 வயதிலிருந்தே ஆடலாம் என்ற குறிப்போடு கிடைத்தது. 2014 ஜனவரியில் மக்கள் கொதித்ததும் அதை எடுத்தார்கள். அப்போது எடுக்க முடிந்தது என்றால் இப்போதும் முடியும். ஒவ்வொரு முறையும் நாங்கள் கூச்சல் போட்ட பிறகுதான் செய்ய வேண்டுமா?

அந்த அடுக்கை எப்போது எடுப்பீர்கள் என்று பெற்றோர் அறியும்படி அறிவிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், மதுரை