கல்வேலியும் கோட்டையும்: நெடுந்தீவு, எமது சனசமூக நிலையத்தின் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் என்னைச் செயலாளராகத் தெரிவுசெய்தபோது நான் இந்த மண்டபத்தில் இருக்கவில்லை. கடல் கொந்தளித்துப் படகு ஓடாததால், தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் பையோடு நின்றுகொண்டிருந்தேன். வராத ஆளின் தலையில் பதவியைக் கட்டுவது எமது நிலையத்தின் பழைய வழக்கம். ஆகவே இந்த அறிக்கையில் குறை இருந்தால் அதில் பாதி உங்களையும் சேரும்.

வழமையான விடயங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. மாரியில் இரண்டு கூட்டங்களுக்கு நிறைவெண் இல்லாமல் கலைந்தோம். வாசிகசாலைக்குப் பத்திரிகைகள் வருகின்றன, படகு வரும் நாளில். மே 15 அன்று, 1985 இல் குமுதினிப் படகில் கொல்லப்பட்ட எம்மவர்களுக்கு மாவிலித்துறையில் நடந்த அஞ்சலியில் நிலையத்தின் சார்பில் மலர் வைத்தோம். முன்பள்ளிக்குக் கூரைத் தகடு மாற்றினோம். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

மீதி அறிக்கை முழுவதும் கல்லைப் பற்றியது. மாடு கட்டப் போக வேண்டியவர்கள் இப்போதே எழும்பலாம்.

மலை என்று பெயர் வைத்திருக்கும் கீரிமலையிலேயே மலை இல்லாத யாழ்ப்பாண மாவட்டம் எங்களுடையது. நெடுந்தீவில் கண்ணுக்கு எட்டிய மட்டும் புல், பனை, பவளப்பாறைக் கல்லான முருகைக்கல். உயரம் என்று காட்ட எங்களிடம் இருப்பது மேற்கே வெடியரசன் கோட்டை என்று நாம் சொல்லும் கற்குவியலும் மேடுந்தான். ஆனால் ஆடு மாட்டுக்கு இதைவிட நல்ல தரை வேறில்லை. போர்த்துக்கேயர் இந்தத் தீவைப் 'பசுக்களின் தீவு' என்றே அழைத்தார்கள். பின்னால் வந்த ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயரை எடுத்து டெல்வ்ற் என்று வைத்தார்கள். மாடுகளுக்கு முந்தின பெயர்தான் பொருந்தும்.

மரபுரிமைக்கு என்று ஓர் உபகுழு அமைக்க வேண்டும் எனச் சென்ற ஆண்டு தீர்மானித்தீர்கள். அந்த உபகுழுவின் முதல் வேலையே பிழையாகப் போனது. அதை மறைக்காமல் இங்கே பதிவுசெய்கிறேன்.

தைப்பொங்கல் கழிந்த ஞாயிறு, மீகாமன் கோட்டையில் சிரமதானம் வைத்தோம். போர்த்துக்கேயர் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய கோட்டை அது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு தட்டுச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. உள்ளே ஆட்டுப் புழுக்கை முழங்கால் அளவுக்குக் கிடந்தது. வெயிலில் ஆடுகள் அங்கேதான் படுக்கின்றன, அவற்றைக் குறை சொல்ல முடியாது. புழுக்கையை அள்ளித் தோட்டங்களுக்கு அனுப்பியது நல்ல காரியம். அதோடு நிறுத்தியிருக்கலாம். இளைஞர்கள் உற்சாகத்தில் சுவரடியில் விழுந்து கிடந்த கற்களை எல்லாம் பொறுக்கி ஒரு மூலையில் அழகாக அடுக்கினார்கள். நானும் சேர்ந்து தூக்கினேன், படமும் எடுத்துக்கொண்டேன். போதாதற்கு, சுவர் வெடிப்பில் முளைத்திருந்த ஆலங்கன்று ஒன்றை நாலு பேர் கயிறு கட்டி இழுத்தோம். வேரோடு ஒரு கை அகலச் சுவரும் வந்தது.

இரண்டு கிழமை கழித்து, தொல்லியல் படித்த ஒருவர் வேறு அலுவலாகத் தீவுக்கு வந்தபோது அழைத்துச் சென்று காட்டினேன். அவர் திட்டவில்லை. அடுக்கிய குவியலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, விழுந்த கல் விழுந்த இடத்தில் கிடந்தால்தான் எந்தச் சுவர் எந்தப் பக்கம் சரிந்தது, வளைவு எங்கே இருந்தது என்று வாசிக்கலாம் என்றார். மரத்தை இழுக்கக் கூடாதாம், அடியில் அறுத்துவிட்டு வேரை உள்ளேயே காய விட வேண்டுமாம். உப்புக் காற்றில் சாந்து ஏற்கெனவே மாவாகிப் போயிருக்கிறது, பல இடங்களில் வேர்தான் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றும் விளக்கினார். நாம் ஒரே காலையில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டோம். அனுமதி இல்லாமல் அங்கே ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது என்பது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். அதை நான் பிறகுதான் வாசித்தேன். அடுக்கியதை மறுபடி கலைக்கவும் முடியாது, எது எங்கே கிடந்தது என்று யாருக்கும் நினைவில்லை. நான் எடுத்த படங்களில் தெரிந்தவற்றை மட்டும் குறித்து வைத்திருக்கிறோம்.

இனிக் கல்வேலி. என் கணிப்பில் இந்த ஆண்டின் பெரிய வேலை இதுதான்.

வெளியூரில் இருந்து வருபவர்கள் இறங்கியதும் குதிரை எங்கே, பெருக்கமரம் (பாஓபாப்) எங்கே, புறாக்கூடு எங்கே என்று கேட்கிறார்கள். முச்சக்கர வண்டி அவர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் காட்டி, பின்னேரப் படகுக்குக் கொண்டுவந்து விடுகிறது. அவ்வளவு தூரமும் இரு பக்கத்திலும் ஓடி வந்த கல்வேலியை ஒருவரும் பார்ப்பதில்லை. குடாநாட்டில், வலிகாமத்தில் கிடுகும் கிளுவையும் பூவரசும் வேலி, எங்களுக்குக் கல். தரையைக் கிண்டினால் கல், கிணறு வெட்டினால் கல், தோட்டம் செய்யக் கல்லைப் பொறுக்கியாக வேண்டும். பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? வரம்பில் போட்டார்கள், அது வேலியாயிற்று. சாந்து இல்லை, மண் இல்லை. கல்லின்மேல் கல்.

இப்போது அந்த வேலிகள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போகின்றன. அத்திவாரத்துக்குப் போகிறது, ஒழுங்கைப் பள்ளம் நிரப்பப் போகிறது. காணிக்காரர் வெளிநாட்டில், கேட்க ஆளில்லை. வேலி போன காணியில் ஆடு புகுந்து பயிரைத் தின்கிறது. பிறகு முட்கம்பி வாங்கிக் கட்டுகிறோம், அது மூன்று மாரியில் துருப்பிடித்து மாட்டின் காலைக் கிழிக்கிறது. உபகுழு இதைப் பற்றி இரண்டு கூட்டங்களில் விவாதித்தது. விவாதித்து ஒன்றும் ஆகாது என்று கண்டு, நிலையத்துக் காணியின் மேற்குப் பக்கம் சரிந்து கிடந்த வேலியை நாமே கட்டிப் பார்ப்பது எனத் தீர்மானித்தோம்.

கட்டத் தெரிந்தவராக எண்பது கடந்த ஓர் அப்பு கிடைத்தார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கதிரை ஒன்றில் இருந்துகொண்டு கைத்தடியால் காட்டுவார், பொடியள் தூக்குவார்கள். முதலில் அடிக்குப் பெரிய கல். இரண்டு வரிசை, நடுவில் இடைவெளி. இரண்டு முகமும் மேலே போகப் போக உள்ளே சாய வேண்டும். இடைவெளியில் கைக்கு அடங்கும் சிறு கற்களைத் திணிக்க வேண்டும், கொட்டக் கூடாது. முதல் நாள் நான் ஒரு நல்ல தட்டைக் கல்லைக் கண்டு நடுவில் நீட்டி வைத்தேன்.

"தம்பி, உந்தக் கல்லை எடு. உதிலை வைச்சா வேலிக்கு வயிறு தள்ளும்."

"நல்லாத்தானே இருக்கு, அப்பு."

"இப்ப நல்லாத்தான் இருக்கும். மாரிக்குப் பிறகு வந்து பார்."

எடுத்துவிட்டேன். அதே கல் அடுத்த வரிசையில், இரண்டு முகத்தையும் குறுக்கே பிணைக்கும் இடத்தில் போய் அமர்ந்தது. மேல் வரிசையை ஏன் இறுக்கவில்லை என்று கேட்டதற்கு, ஆடு ஏறக் காலை வைத்தால் கல் ஆட வேண்டும், ஆடினால் இறங்கிவிடும், இறுக்கிக் கட்டினால் அதற்குப் படி கட்டிக் கொடுத்தது போல என்றார். இடுக்குகளை அடைக்கவும் விடவில்லை. தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும் காலத்தில் காற்று அதற்குள்ளால் போக வேண்டுமாம். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை செய்தோம். பாதிதான் முடிந்தது.

இங்கே அந்தத் தொல்பொருள் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடத்தையே அந்தச் சட்டம் புராதனச் சின்னம் என்று எடுத்துக்கொள்கிறது. மீகாமன் கோட்டை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. கல்வேலிக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் சரிந்ததை எடுத்துக் கட்டியிருக்கிறது, அதில் அடிக்கல் பூட்டன் வைத்தது, மேல்கல் போன வருடம் நாம் வைத்தது. அதற்கு எந்தத் திகதியைப் போடுவது? ஆகவே எந்தத் திணைக்களத்துக்கும் எழுதிப் பயனில்லை என்பது என் கருத்து. தலைவர் இதற்கு உடன்படவில்லை. கடிதம் எழுத வேண்டும் என்கிறார், எழுதுவோம்.

பங்குனியில் பாடசாலைப் பிள்ளைகளை வெடியரசன் கோட்டைக்கு அழைத்துப் போனோம். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கப்பலில் வந்த மீகாமனும் வெடியரசனும் பொருதிய கதையைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அங்கே கிடப்பவை பழைய பௌத்தத் தூபிகளின் எச்சங்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். வலிகாமத்துக் கந்தரோடையில் ஆய்வாளர் போல் பீரிஸ் 1917 அளவில் வெளிக்கொணர்ந்த தூபிகளும் முருகைக்கல்லில் கட்டியவைதான். தமிழர் பௌத்தராகவும் இருந்த காலம் ஒன்று உண்டு என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் அது கேட்டுக்கொள்கிறது. பெரியவர்களுக்குத்தான், எந்தப் பக்கத்தாருக்கும், அதைக் கேட்கப் பொறுமை இல்லை.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள, பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டைப் பற்றியும் பேச்சு வந்தது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு, வேறு சரக்கென்றால் பாதிக்குப் பாதி என்கிறது அது. "அப்ப எங்கட குதிரையள் உடைஞ்ச கப்பலிலையோ வந்தது, ரீச்சர்?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். கல்வெட்டு 12 ஆம் நூற்றாண்டு, எங்கள் கட்டைக்குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தவை என்று ரீச்சர் விளக்கினார். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் உடைந்த கப்பல்தான் பிடித்திருந்தது.

குதிரைகளைப் பற்றி. 2015 இல் 1,846 ஹெக்டயர் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது, அது தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பூங்கா எங்கே முடிகிறது, மேய்ச்சல் தரவை எங்கே தொடங்குகிறது என்பது எங்கள் மாடுகளுக்குத் தெரியாது. ஆடி, ஆவணியில் குளங்கள் வற்றும்போது குதிரையும் மாடும் ஆடும் ஒரே சேற்றில் வாய் வைக்கின்றன. இம்முறை ஒரு குளத்தின் ஒரு கரையை மட்டும் சரித்து வெட்டினோம், இறங்கிய குட்டி ஏற முடியாமல் புதைவதைத் தடுக்க. மற்றக் கரைக்குப் பணம் போதவில்லை. சாராப்பிட்டியில் இருந்து பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டி நிரப்பியவர்களுக்கு நன்றி. புல்வெளியில் பொலித்தீன் பையை விட்டுச் செல்லும் விருந்தினருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. குதிரை ஒன்று சோற்றுப் பொதியின் தாளை மென்றுகொண்டு நின்றதை நானே பார்த்தேன், பிடுங்கப் போனால் ஓடிவிட்டது. பெருக்கமரத்தில் பெயர் வெட்டுபவர்களுக்காக ஓர் அறிவித்தல் பலகை வைத்தோம். இப்போது பலகையிலும் இரண்டு பெயர் இருக்கிறது.

புதிய நிர்வாகத்துக்கு விட்டுச்செல்லும் வேலைகள்: குளத்தின் மறுகரை, தலைவர் சொன்ன கடிதம், மேற்கு வேலியின் மீதிப் பாதி. வேலியை மாரிக்கு முன் முடிக்க வேண்டும். அப்புவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, ஆனால் கல்லைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறார். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறோம். முருகைக்கல் கையைக் கிழிக்கும், கையுறை உள்ளவர்கள் கொண்டுவரவும். அப்புவின் கதிரையை யாராவது முன்கூட்டியே எடுத்து வந்து நிழலில் போட்டுவிடுங்கள்.

நன்றி.

செயலாளர்