குறையில்லை, ஆனால் நாள் நகரவில்லை என்றாயே

ஆங் மோ கியோ,
சிங்கப்பூர்.

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மகனும் மருமகளும் தாங்குகிறார்கள், ஒரு குறையும் இல்லை, ஆனால் நாள் நகரவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரி மூன்று நாட்களாக மனத்தைவிட்டு அகலவில்லை.

நானும் அதை அனுபவித்தவள். முன்பு எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நிற்காது. என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபின் அந்த ஒரு மாடிப் படிக்கட்டைத் தாண்ட முடியாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். 2001இல் அரசாங்கம் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் ஒருவழியாக எங்கள் புளோக்குக்கும் வந்தது. எங்கள் தளத்தில் மின்தூக்கி நின்ற முதல் நாள், கைத்தடியோடு தனியாக இறங்கிப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தார். அன்று அவர் முகத்தில் இருந்த நிறைவைப் பிள்ளைகள் எதை வாங்கிக் கொடுத்தபோதும் நான் கண்டதில்லை.

இங்கே 2009 முதல் சில சாலைச் சந்திப்புகளில் ஒரு வசதி உண்டு. மூத்தோர் சலுகை அட்டையைச் சிக்னல் கம்பத்தில் தொட்டால், சாலையைக் கடப்பவர்களுக்கான பச்சை விளக்கு சில விநாடிகள் கூடுதலாக எரியும். அந்தச் சில விநாடிகள் இருப்பதால்தான் நான் யாரையும் துணைக்கு அழைக்காமல் சந்தைக்குப் போகிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் முதியோருக்கு உகந்த நகரங்களுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. நம் புது டெல்லி, உதய்ப்பூர் உட்பட 33 நகரங்களில் முதியவர்களையே கேட்டுத் தயாரித்தது. நடைபாதை, உட்கார இடம், கழிப்பறை என்று அவர்கள் சொன்னவை எல்லாம் நீயும் நானும் சொல்லக்கூடியவைதாம்.

உட்லண்ட்ஸில் கம்போங் அட்மிரல்ட்டி என்ற குடியிருப்பு இருக்கிறது. கீழே உணவங்காடி, மேலே மருத்துவ நிலையம், அதற்கும் மேலே தோட்டம். முதியோர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே குழந்தைப் பராமரிப்பு நிலையம். மழலைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். போன மாதம் போய், கிளம்ப மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் வசதி மட்டும் போதாது, மீனாட்சி. என் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, தன் கணவர் போனபின், வாசலருகே மின்தூக்கி இருந்தும், ஏழெட்டு மாதம் வெளியே வரவில்லை. மூத்தோர் நிலையத்திலிருந்து வாரந்தோறும் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். இப்போது பாட்டி அங்கே காய்கறி நறுக்கப் போகிறார். எனக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி வருகிறது.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்றாய். மிக நல்லது. ஆனால் உனக்கு உயிரான நூலகம் வீடு தேடி வராதே. அந்த உயரமான ஆறு படிகள்தானே உன்னைத் தடுக்கின்றன? பள்ளிக்குக் கழிப்பறை கட்டித்தரும்வரை விடாமல் மனு எழுதியவள் நீ. இப்போதும் எழுது. ஒரு சாய்தளம், ஒரு கைப்பிடி, பாதி வழியில் வேப்பமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. உன் வயதுக்காரர்கள் பத்துப் பேரிடமாவது கையெழுத்து வாங்கு.

மனுவின் நகலை எனக்கும் அனுப்பு. தை மாதம் வருகிறேன். நூலகத்துக்கு நடந்தே போவோம்.

என்றும் உன்,
சரோஜா