சியாச்சினில் என்னோடு நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரியவர்களே,

1995ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், 23 வயது லெப்டினன்டாக, சியாச்சின் பனியாற்றுக்கு மேற்கே உள்ள சால்டோரோ மலைமுகட்டில் ஏறத்தாழ 19,000 அடி உயரத்தில் இருந்த ஒரு காவல்நிலைக்கு உங்களோடு ஏறி வந்தேன். அந்தப் பனியாற்றுக்காக இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே 1984 ஏப்ரலில் தொடங்கிய போர், 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வரும்வரை ஓயவில்லை. ஆனாலும் அங்கே எதிரியின் குண்டைவிடக் குளிரும் உயரமும் பறித்த உயிர்களே அதிகம். அந்த இடத்தில் ஓர் இளம் அதிகாரி தன் வீரர்களை உயிரோடு கீழே அழைத்து வந்தான் என்றால், அதற்கு யார் யார் காரணம் என்பதை எழுத்தில் வைப்பது என் கடமை.

சுபேதார் சாப், முதல் நன்றி உங்களுக்கு. என்னைவிட ஏறக்குறைய 20 ஆண்டுகள் மூத்தவரான நீங்கள் எனக்கு விறைப்பாக சல்யூட் வைத்தீர்கள்; பிறகு, யார் காதிலும் விழாமல், எனக்குப் பாடம் சொன்னீர்கள். ஒவ்வொரு மாலையும் எல்லோருடைய காலணியையும் காலுறையையும் கழற்றச் சொல்லி, பாதங்களை என் கையில் ஏந்தி, விரல்களில் நிறம் மாறியிருக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வைத்தீர்கள்.

பனிப்புயல் அடித்த ஒரு நாள், களைப்பில் அதை நான் செய்யவில்லை. "எல்லாரும் நலமா?" என்று வாயால் கேட்டேன், "நலம் சாப்" என்றார்கள், அதோடு படுத்துவிட்டேன். ஒரு வீரனுக்கு அன்றைக்கே இரண்டு கால்விரல்கள் மரத்துப் போயிருந்தன என்பது மறுநாள் மாலையில்தான் எனக்குத் தெரிந்தது. தன்னைக் கீழே அனுப்பிவிட்டால் மற்றவர்களின் காவல் நேரம் கூடிவிடும் என்று அவன் மறைத்திருந்தான். அன்றிரவு மண்ணெண்ணெய் அடுப்பின் பக்கத்தில் நீங்கள் குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள்: "கேட்டால் நலம் என்றுதான் சொல்லுவான் சாப். பார்க்க வேண்டியது நாம்தான்." அதன் பிறகு ஒரு மாலைகூட நான் தவறவிட்டதில்லை.

தம்பி, அந்த விரல்களை மருத்துவமனையில் எடுக்க வேண்டியதாயிற்று. பிழை என்னுடையது. நான் பார்க்க வந்தபோது, உன் முறைக் காவலில் இப்போது யார் நிற்கிறார் என்றுதான் நீ கேட்டாய். என்னைக் குறைசொல்லி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நான் செய்யக்கூடிய கைம்மாறு எதுவும் இல்லை என்பதை உன் குடும்பத்தாரும் அறியவேண்டும்.

காற்று சற்றே அடங்கிய இடைவெளியில், விசிறியை நிறுத்தாமலே இறங்கி அவனை ஏற்றிச் சென்ற சீட்டா ஹெலிகாப்டர் விமானிகளுக்கு நன்றி. ஒரே கயிற்றில் எங்களைப் பிணைத்து, கோலால் குத்திப் பார்த்துப் பனிப்பிளவுகளைத் தாண்ட வைத்த, எங்களுக்காகச் சுமை தூக்கிய லடாக்கின் நூப்ரா பள்ளத்தாக்கு மக்களுக்கு நன்றி; சீருடையும் பதக்கமும் இல்லாத அவர்களைப் பற்றி நம்மவர்கள் பேசுவது மிகக் குறைவு. பனிக்கட்டியை உருக்கி, பசியே எடுக்காத அந்த உயரத்தில் ஒவ்வொருவரையும் அதட்டிக் குடிக்கவும் உண்ணவும் வைத்த சமையல்காரத் தோழருக்கும் நன்றி.

சுபேதார் சாப், இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள். உங்களை நேரில் வந்து பார்க்க விரும்புகிறேன்.

என்றும் நன்றியுடன்,
அன்று உங்களோடு இருந்த லெப்டினன்ட்