ஸ்கெட்ச் புத்தகத்தைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் எங்களுக்குக் கோட்டோவியம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் சென்ற ஆண்டு காலமானார். அவர் நினைவாக ஆண்டுதோறும் ஓவிய மாணவர் ஒருவருக்கு விருது கொடுக்க, அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறோம். என் பங்கையும் மனம் நிறைந்து கொடுத்தேன். ஆனால் விருதுக்கான விதிகளைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. மூன்றடிக்கு நான்கடி கான்வாஸில் முடித்த ஓவியம் ஒன்றை, பிரேம் போட்டு அனுப்ப வேண்டுமாம்.

கான்வாஸ், வண்ணம், பிரேம், அதை ஏற்றிவர வண்டி என்று கணக்குப் போட்டால், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை போட்டிக்குள் நுழைவதற்கே கடன் வாங்க வேண்டும். ஓவியனுக்குக் காசுக் கவலை புதிதல்ல. 1966இல், எங்கள் கல்லூரியின் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தம் மாணவர்களோடு சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, மெழுகிட்டுச் சாயம் ஏற்றும் பத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்றுத்தான் அவர்கள் காலூன்றினார்கள். அந்தக் கல்லூரி வழியில் வந்த நாமே மாணவர் தலையில் செலவை ஏற்றலாமா?

எங்கள் சார் ஒருநாளும் பிரேமைப் பார்த்து மார்க் போட்டதில்லை. அச்சகத்தில் மிஞ்சும் நியூஸ் பிரின்ட் தாளை எடைக்கு வாங்கி, நாங்களே தைத்த நோட்டுகளைத்தான் திங்கள்கிழமைதோறும் கேட்பார். விடியற்காலையில் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அனுப்புவார். பார்சல் மூட்டை மேல் சாய்ந்து தூங்கிய போர்ட்டர் ஒருவரின் கையை ஒருமுறை வரைந்துகொண்டு போனேன். படத்தில் மணிக்கட்டுக்குக் கீழே தம் மை படிந்த நகத்தை வைத்து, "இது பார்த்துப் போட்ட கோடா, தெரிந்து போட்ட கோடா?" என்று கேட்டார். தெரிந்து போட்டதுதான். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். மறுநாள் நாலரை மணிக்கு நான் போனபோது, அதே நடைமேடையில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார், மடியில் அவருடைய நோட்டு. முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தேன். அந்தக் கேள்வியைத் தவிர வேறெதையும் பெரிதாகப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

ஆகவே விருதுக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்: முடித்த ஓவியத்துக்குப் பதிலாக மாணவரின் ஓராண்டு ஸ்கெட்ச் நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். அழித்தது, கிழிந்தது, பாதியில் விட்டது எல்லாம் அதில் இருக்கட்டும். கேடயத்துக்கும் சால்வைக்கும் ஆகும் பணத்தைத் தாளாகவும் கரியாகவும் மையாகவும் கொடுத்துவிடலாம். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

சார் பென்சிலால் திருத்திய என் நோட்டுகள் மூன்று பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. முதல் விருது வழங்கும் நாளில் மாணவர்கள் கையிலெடுத்துப் புரட்டிப் பார்க்க, அவற்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
திண்டிவனம்.