வெள்ளம் வரும் முன் வீட்டைக் காட்டு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய திரைக்கதையை அம்மா ஒரே மூச்சில் படித்துவிட்டாள். நான் பென்சிலோடு உட்கார்ந்ததால் தாமதம். 2015 சென்னை வெள்ளத்தில் ஒரு காதல் கதை என்றதுமே ஆசையாகத்தான் எடுத்தேன். ஆனால் முடித்தபோது இரண்டு படம் பார்த்தது போல இருந்தது. காதல் பெசன்ட் நகர் கடற்கரையிலும் காபிக் கடையிலும் நடக்கிறது. வெள்ளமோ ஜாபர்கான்பேட்டையில் வருகிறது. அவர்கள் சிரித்துப் பேசிய ஓர் இடத்தில்கூடத் தண்ணீர் ஏறவில்லையே, கண்ணம்மா!

எனக்குத் தெரிந்த பாடம் 'டைட்டானிக்'தான். 1998இல் அது எங்கள் தியேட்டரில் ஓடியபோது, ஆபரேட்டர் அறையின் சின்ன ஜன்னல் வழியாகத் திரையைவிட ஜனங்களைத்தான் அதிகம் பார்த்தேன். மூன்றேகால் மணி நேரப் படம். பனிப்பாறை மோதவே ஏறக்குறையப் பாதிப் படம் ஓடிவிடும். "கப்பல் எப்போதுதான் முழுகும்?" என்று எங்கள் மேலாளர் அலுத்துக்கொள்வார். அந்தப் பாதியில் இயக்குநர் கேமரூன் செய்கிற வேலை அவருக்குப் பிடிபடவில்லை. இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு கதாநாயகன் ஜாக் காத்து நிற்கும் பெரிய மாடிப்படி, பணக்காரர்கள் சாப்பிடும் கூடம், கீழ்த்தளத்தில் ஏழைகள் ஆடிப்பாடும் அறை என்று ஒவ்வோர் இடத்திலும் நம்மைக் கொஞ்ச நேரம் குடிவைத்துவிடுகிறார். பிறகு தண்ணீர் வருவது நாம் குடியிருந்த இடத்துக்கு.

கப்பலின் பின்முனைக் கம்பியையே எடுத்துக்கொள். முதலில் கதாநாயகி ரோஸ் சாவதற்காக அதைத் தாண்டி நிற்கிறாள். ஜாக் பேசிப் பேசி உள்ளே இழுக்கிறான். கடைசியில் அதே கம்பியை இருவரும் உயிர் பிழைக்கத் தாண்டுகிறார்கள். "நாம் முதலில் சந்தித்தது இங்கேதான்" என்று அவள் வாய்விட்டுச் சொல்கிறாள் பார், அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். பார்க்கிறவனுக்குத் தெரியாதா?

இன்னொரு சாமர்த்தியம் தொடக்கத்திலேயே இருக்கிறது. கப்பல் எப்படி உடைந்தது, எப்படிச் செங்குத்தாக நின்றது என்று கம்ப்யூட்டரில் ஒருவன், பல வருடம் கழித்துக் கிழவியாகிவிட்ட ரோஸுக்குப் போட்டுக் காட்டுகிறான். அங்கே இருந்து அனுபவித்தவர்களுக்கு அது வேறு மாதிரி இருந்தது என்கிறாள் அவள். விளக்கம் அத்தோடு தீர்ந்தது. பிற்பாதியில் யாரும் நின்று பாடம் நடத்த வேண்டியதில்லை. நீயோ, கதாநாயகி மாடியில் அழும்போது டிவியில் ஒருவரை உட்கார்த்தி, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்த கதையைச் சொல்ல வைக்கிறாய். முதலில், அன்றைக்கு அங்கே மின்சாரம் ஏது? அதைக் கதையின் முன்பக்கம் கொண்டுபோய் வை. ஏரி, அடையாறு, சைதாப்பேட்டைப் பாலம் எல்லாம் முன்பே தெரிந்துவிட்டால், பிறகு ஆற்றின் இரைச்சல் மட்டும் போதும்.

சத்தம் என்றதும் நினைவு வருகிறது. முழுகும் கப்பலில் வாத்தியக்காரர்கள் ஒருவருக்கொருவர் விடை சொல்லிப் பிரிகிறார்கள். தலைவர் மட்டும் போகாமல் தனியாக வயலினை எடுக்கிறார். மற்றவர்கள் திரும்பி வந்து சேர்ந்துகொள்கிறார்கள். அந்த இசைக்குள்ளேதான் கட்டிலில் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் வயதான தம்பதியும், குழந்தைகளுக்குக் கதை சொல்லித் தூங்கவைக்கும் தாயும் வருகிறார்கள். அங்கே ஒருவரும் ஓடுவதில்லை. இசை நின்றதும் கூச்சல் திரும்ப வரும்போது அது இரட்டிப்பாக விழுகிறது. அதுவரை பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருந்த கைகள் அந்த இடத்தில் நிற்கும். காட்சிக்குக் காட்சி பார்த்திருக்கிறேன். உன் இரண்டாம் பாதியில் முதல் பக்கத்திலிருந்தே எல்லாரும் கத்துகிறார்கள். உச்சத்துக்கு எங்கே போவாய்?

சிரிப்பையும் சேர். பனிப்பாறை மோதியதும் மூன்றாம் வகுப்புப் பயணிகள் தளத்தில் விழுந்த பனிக்கட்டியைப் பந்தாக உதைத்து விளையாடுவார்கள். நமக்கு அது வயிற்றைக் கலக்கும். ஏறத்தாழ 2,200 பேர் இருந்த கப்பலில் 1,178 பேருக்குத்தான் படகில் இடம் என்பது தெரிந்தவனுக்கு இன்னும் கலக்கும். நம் வீட்டிலும் அப்படித்தானே நடந்தது? தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று நான் படியில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். அது குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகக் கரப்பான்பூச்சிகளோடு மேலே வந்தது. அம்மா ரேஷன் கார்டை விட்டுவிட்டு ஆவக்காய் ஜாடியைப் பரணில் ஏற்றினாள். மாடி வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். ராத்திரி கீழே காஸ் சிலிண்டர் மிதந்து சுவரில் டங் டங் என்று இடிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், போனும் கிடைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். எடுத்துக்கொள், அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கடைசியாக, உன் கதையில் அருவாளோடு துரத்தும் அந்த அண்ணன். 'டைட்டானிக்'கிலேயே எனக்குப் பிடிக்காத இடம், கப்பல் முழுகிக்கொண்டிருக்கும்போது துப்பாக்கியோடு துரத்தும், ரோஸுக்கு நிச்சயித்த அந்த மாப்பிள்ளைதான். கடல் கொல்ல வந்து நிற்கும்போது தனியாக ஒரு வில்லன் எதற்கு? 1912 ஏப்ரல் 14 இரவு 11.40க்கு மோதிய கப்பல் 2.20க்கு அடியில் போய்விட்டது. அந்த இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்குள் கைத்துப்பாக்கியால் கூட்ட முடிகிற பயம் ஒன்றுமில்லை. அண்ணன் வேண்டும் என்றால் முதல் பாதியில் தங்கையை வெறுக்கட்டும். வெள்ளத்தில் அவளுடைய நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் வரட்டும். அருவாளை வைத்தே ஆக வேண்டும் என்றால் காரணம் எழுது, கேட்டுக்கொள்கிறேன்.

பருப்புப் பொடி கூரியரில் வருகிறது. அடுத்த பிரதியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா