பள்ளி வாசல் நெரிசல்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலை எட்டே முக்காலுக்கு நம் பள்ளி வாசலில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. தினமும் அதில் மாட்டிக்கொள்பவர்களே நீங்கள்தான். வரும் திங்கட்கிழமை முதல் சில மாற்றங்கள் செய்கிறோம். அதற்கு முன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

திருவந்திபுரம் போகும் இந்தச் சாலை, இரண்டு பக்கமும் நெல்லும் கரும்பும் இருந்த காலத்துக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது அந்த வயல்கள் எல்லாம் நகர்கள். ஒவ்வொரு நகருக்குள்ளும் நல்ல அகலமான தெருக்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு நகரிலிருந்து பக்கத்து நகருக்குப் போக வழி கிடையாது, நடுவில் மதில். அதனால் எல்லா வீட்டு வண்டிகளும் இந்த ஒரே சாலையில்தான் வந்து இறங்குகின்றன. முகூர்த்த நாளானால் தேவநாதசுவாமி கோயிலுக்கு வரும் கல்யாண வண்டிகள், புரட்டாசி சனிக்கிழமையானால் சொல்லவே வேண்டாம். இதற்கு நடுவில் புதிய வீடுகளுக்கு மணலும் ஜல்லியும் ஏற்றி வரும் டிப்பர்கள்.

புதிதாக வீடு கட்டி வந்தவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்கள் பிள்ளைகள்தான் இன்று நம் வகுப்புகளை நிரப்புகிறார்கள். மனை விற்கும் விளம்பரப் பலகைகளில் 'பள்ளிக்கு மிக அருகில்' என்று நம்மைத்தான் போடுகிறார்கள். சந்தோஷம், ஆனால் விளம்பரத்துக்கு நம்மிடம் யாரும் கேட்கவில்லை!

சாலையை அகலப்படுத்தச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். அது நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். பள்ளி முன்னால் வழி அடைபடுவது பெரும்பாலும் நம் வண்டிகளால்தான். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது இரண்டு பக்கமும் சாலை முழுவதும் அடைத்து நிற்பார்களே, அப்படித்தான் நம் வாசலிலும் நிற்கிறோம். மணி அடித்ததும் யாராலும் நகர முடிவதில்லை.

அதனால் மாலையில் எல்லா வகுப்புகளையும் ஒரே நேரத்தில் விடப் போவதில்லை. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 3.45, ஆறு முதல் எட்டு வரை 4.00, மற்றவர்கள் 4.15. அண்ணன் பெரிய வகுப்பு, தங்கை சின்ன வகுப்பு என்றால் தங்கை நூலக அறையில் காத்திருக்கலாம், ஓர் ஆசிரியை உடன் இருப்பார். தயவுசெய்து 3.15க்கே வந்து வண்டியை வாசலில் நிறுத்தி இடம் பிடிக்காதீர்கள். அப்படிச் செய்தால் நேரத்தைப் பிரித்ததில் பயனே இல்லை.

காரில் வருபவர்கள் வாசல்வரை வர வேண்டாம். பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் திடலில் நிறுத்திக்கொள்ள உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். அங்கிருந்து பிள்ளைகளை உடற்கல்வி ஆசிரியரும் இன்னொருவரும் அழைத்து வருவார்கள். ஒரு சிக்கல்: சாலை மிக மோசமாக இருக்கும் முகூர்த்த நாட்களில்தான் திடலும் கிடைக்காது. அந்தத் தேதிகளை மாதத் தொடக்கத்திலேயே பிள்ளைகளின் டைரியில் எழுதி அனுப்புவோம். அன்றைக்கு மட்டும் காரை வீட்டிலேயே விட்டுவிட்டால் பெரிய உதவி.

பெரிய வகுப்பு மாணவர்களைச் சாலையில் நிறுத்தி வண்டிகளை ஒழுங்குபடுத்தச் சொல்லலாமே என்று சிலர் யோசனை சொன்னீர்கள். அதைச் செய்ய மாட்டோம். டிப்பருக்கு முன்னால் கை காட்டி நிற்பது பிள்ளைகளின் வேலை இல்லை. வீடு கட்டும் ஒப்பந்ததாரர்களிடம் காலை 8.15 முதல் 9.15 வரையும், மாலை 3.30 முதல் 4.30 வரையும் லாரி அனுப்ப வேண்டாம் என்று கேட்டிருக்கிறோம். சிலர் ஒப்புக்கொண்டார்கள். உங்களில் யாராவது வீடு கட்டிக்கொண்டிருந்தால் உங்கள் மேஸ்திரியிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அப்புறம் அந்த மதில் விஷயம். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் தெருக்களைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்திருப்பார்கள். அவை பொதுத் தெருக்கள். இரண்டு நகர்களின் தெருக்கள் ஒரே மதிலில் வந்து முட்டி நிற்கும் இடத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டால் போதும். பல பிள்ளைகள் பெரிய சாலைக்கே வராமல் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்கு வந்துவிடலாம். கார் போக வேண்டியதில்லை, அதனால் திருட்டு பயம் என்ற பேச்சுக்கும் பெரிதாக இடமில்லை. இதைப் பள்ளி கேட்பதைவிட அங்கே குடியிருக்கும் நீங்கள் கேட்டால்தான் எடுபடும். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் பேசுங்கள். ஊராட்சியில் இருப்பவர்கள் ஆகஸ்ட் 15 கிராம சபையில் மனு கொடுங்கள். எந்தெந்த இடம் என்று வரைந்த படம் அலுவலகத்தில் இருக்கிறது. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் சைக்கிள்கள் பல வீடுகளில் சும்மா நிற்கின்றன என்பதும் எனக்குத் தெரியும்.

சைக்கிள் நிற்க, ஸ்கூட்டி மட்டும் ஓடுகிறது. பள்ளிக்குள் விட மாட்டோம் என்பதால் மாணவர்கள் டீக்கடை ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். இதில் கண்டிப்பாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 199ஏ பிரிவின்படி, உரிமம் பெறும் வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. இனி டீக்கடை ஓரம் நிற்கும் வண்டியைப் பார்த்தால் முதலில் உங்களுக்குத்தான் போன் வரும். இரண்டாவது முறை, காவல் நிலையத்துக்கு.

கடைசியாக வேன், ஆட்டோ. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்களை நம் ஊர் பறிகொடுத்தது. அதற்குப் பிறகும் "சீக்கிரம் போங்க, பெல் அடிச்சிடும்" என்று ஓட்டுநரை அவசரப்படுத்தும் குரல் காதில் விழுகிறது. நெரிசலால் வேன் தாமதமாக வந்தால் எந்தப் பிள்ளையையும் வகுப்புக்கு வெளியே நிறுத்த மாட்டோம், வருகைப் பதிவிலும் குறைக்க மாட்டோம். ஓட்டுநர்களிடமும் இதைச் சொல்லிவிட்டோம்.

சந்தேகம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை 4.30 மணிக்கு நடக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வாருங்கள். மாலை நேரப் பிரிவு ஒத்துவராத வேலைநேரம் உள்ளவர்கள் அதற்கு முன்பே வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கூட்டத்துக்கு வருபவர்கள் வண்டியைத் திடலில் நிறுத்தவும். அன்று முகூர்த்தம் இல்லை, பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்